ரொட்டியும் உப்பும்: அரபு மண்ணில் விருந்தாளியின் கடமையும் வீட்டுக்காரரின் கடமையும்

சில வாரங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து அன்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தொழில் நிமித்தம் ரியாத் நகருக்குச் செல்லவிருப்பதாகவும் மனைவியும் உடன் வருவதாகவும் எழுதியிருந்த அவர், ஒரு வேண்டுகோளையும் விடுத்திருந்தார். 1980களின் நடுப்பகுதியில், கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையில், மத்திய கிழக்குக்குச் செல்வோர் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் எழுதியிருந்தேன். அன்பரின் தகப்பனார் அதனை வெட்டியெடுத்துத் தமது பயணப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தாராம். அப்பட்டியலின் பிரதி என்னிடம் உள்ளதா என்பதே அவரது கேள்வி.

இருக்கிறது. பழைய கோப்புகளைப் புரட்டித் தேடியெடுத்தேன். மஞ்சளேறிய தாளில் இருபது விடயங்கள். வாசித்து முடித்தபோது இரண்டு உண்மைகள் புலப்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய பாதி இன்று பொருந்தாது என்பது ஒன்று. எஞ்சிய பாதியிலும் மிகப் பெரியதொரு குறை உண்டு என்பது மற்றையது. இந்த இரண்டாவது குறையை அக்காலத்திலேயே வாசகி ஒருவர் நேரில் வந்து எனக்குச் சுட்டிக்காட்டியிருந்தார். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

1977 இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், எண்ணெய் வளம் மிக்க அரபு நாடுகளை நோக்கி நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் புறப்படத் தொடங்கினர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழேயே அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் சென்றவர்களுக்கு வழிகாட்ட முகவர்களைத் தவிர வேறு எவருமில்லை. இந்நிலையில்தான் செய்தியாசிரியர் என்னை அழைத்து அந்தப் பட்டியலை எழுதச் சொன்னார். நான் அப்போது அரபு மண்ணை மிதித்தவனல்லன். ஆசிரியபீடத்தில் என் அருகே அமர்ந்திருந்த கிழக்கு மாகாண முஸ்லிம் நண்பர் ஒருவரைக் கேட்டும் நூலகத்தில் பயண நூல்களைப் புரட்டியும் எழுதினேன். அந்தப் பயண நூல்கள் பின்னர் என்னை விட்டு அகலவேயில்லை. அவற்றில் கண்டவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

டென்மார்க்கிலிருந்து சென்ற ஆறு பேர்

1761 ஜனவரியில் டென்மார்க் மன்னர் ஐந்தாம் பிரெடெரிக்கின் ஆதரவுடன் கோபன்ஹேகனிலிருந்து ஓர் ஆய்வுக்குழு புறப்பட்டது. மொழியறிஞர், தாவரவியலாளர், மருத்துவர், ஓவியர், நில அளவையாளர், பணியாளர் என ஆறு பேர். யேமன் நாட்டை ஆராய்வதே நோக்கம். 1762 டிசம்பர் இறுதியில் லுஹையா என்ற செங்கடல் துறைமுகத்தில் அவர்கள் இறங்கினர்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு அன்பானது. தாவரவியலாளர் பீற்றர் ஃபோர்ஸ்கால் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே பேன் ஒன்றை வைத்துக் காட்டினார். பார்த்த உள்ளூர்ப் பணியாளர் ஒருவர், இத்தனை பெரிய பேன் அரபு நாட்டில் கிடையாது, இது ஐரோப்பியப் பேனாகத்தான் இருக்க வேண்டும் என்றாராம். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் வேடிக்கை பார்த்து மகிழ்ந்த நாட்கள் அவை.

1763 இல் மொக்கா துறைமுகத்தை அடைந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. ஃபோர்ஸ்கால் செங்கடல் மீன்களைச் சாராயத்தில் ஊறவைத்துப் பீப்பாயில் அடைத்திருந்தார். அதனைத் திறக்க வேண்டாமென்று கெஞ்சியும் சுங்க அதிகாரிகள் திறந்தனர். முஸ்லிம் நாட்டின் சுங்கச்சாவடியெங்கும் சாராய நாற்றமும் மீன் நாற்றமும் பரவின. அடுத்து ஒரு போத்தலில் பாம்புகள். முஸ்லிம்களுக்கு நஞ்சூட்டவே இந்த வெள்ளையர்கள் வந்திருக்கிறார்கள் என்ற கூச்சல் எழுந்தது. தங்கியிருந்த வீட்டிலிருந்து அவர்களுடைய பொருட்கள் வீதியில் வீசப்பட்டன.

ஃபோர்ஸ்காலுக்கு எந்தத் தீய நோக்கமும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது விஞ்ஞானம். சுங்க அதிகாரிக்கோ அது விலக்கப்பட்ட மது. ஒரே பீப்பாய் இரண்டு கண்களுக்கு இரண்டு பொருளாகத் தெரிந்தது. நல்லெண்ணம் மாத்திரம் போதாது, நம் செய்கை எதிரில் இருப்பவருக்கு என்னவாகத் தெரியும் என்ற எண்ணமும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவத்தை நான் வாசித்ததில்லை.

அந்தக் குழுவின் முடிவு துயரமானது. மொழியறிஞர் மொக்காவிலும் ஃபோர்ஸ்கால் மலைநகரான யரீமிலும் 1763 இல் நோயால் மடிந்தனர். ஓவியரும் பணியாளரும் பம்பாய் நோக்கிய கடற்பயணத்தில் இறந்தனர். மருத்துவர் 1764 இல் பம்பாயில் காலமானார். அவர்களைக் கொன்றது மலேரியா என்பதே பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. தப்பியவர் நில அளவையாளரான கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. தாம் உயிர் பிழைத்ததற்கு அவர் கண்ட காரணம் வேறு. கீழைத்தேச மக்களைப் போல உடுத்து, அவர்கள் உண்பதையே உண்டு வாழத் தொடங்கியதால்தான் பிழைத்தேன் என்றார் அவர். மருத்துவ ரீதியில் அது எவ்வளவு சரி என்பது வேறு விடயம். 1767 இல் அவர் கோபன்ஹேகன் திரும்பியபோது கையில் இருந்த குறிப்புகளும் வரைபடங்களும், யேமன் மக்களை இகழாமல் எழுதப்பட்டவை என்பதனாலேயே இன்றும் மதிக்கப்படுகின்றன.

பொய் வேடமும் மெய்ப் பெயரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரேபியா சென்ற ஐரோப்பியர்கள் இரண்டு வழிகளைக் கைக்கொண்டனர். முஸ்லிம் அல்லாதோருக்கு மூடப்பட்டிருந்த மக்கா நகருக்குள் 1853 இல் மாறுவேடத்தில் புகுந்த ரிச்சர்ட் பேர்ட்டன் ஒரு வகை. தொழும் முறை, உண்ணும் முறை, நீர் அருந்தும் முறை அனைத்தையும் பிழையறக் கற்று நடித்தார். நடிப்பில் குறையில்லை. ஆயினும் வீட்டுக்காரர் வர வேண்டாமென்று சொன்ன அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவரை நல்ல விருந்தாளி என்று என்னால் எழுத முடியவில்லை. ஒழுங்குகளை அறிந்திருப்பது வேறு, அவற்றை மதிப்பது வேறு.

சார்ள்ஸ் டௌட்டி மற்றைய வகை. 1876 இல் டமஸ்கஸிலிருந்து புறப்பட்ட ஹஜ் யாத்திரிகர் கூட்டத்துடன் சென்ற அவர், மதாயின் சாலிஹ் என்ற புராதன நகர் வரை போய், பின்னர் 1878 வரை பாலைவனத்து நாடோடிகளோடு அலைந்தார். கலீல் என்று அரபுப் பெயர் வைத்துக்கொண்ட போதிலும் தாம் கிறிஸ்தவர் என்பதை ஓரிடத்திலும் மறைக்கவில்லை. அதனால் பல இடங்களிலிருந்து துரத்தப்பட்டார். உயிராபத்துகளையும் சந்தித்தார். ஆனால் அவரைக் காப்பாற்றியவர்களும் அதே மக்கள்தாம்.

இங்கேதான் ரொட்டியும் உப்பும் வருகின்றன. பதவீ அரபிகளின் மரபில், ஒருவரது கூடாரத்தில் ஒரு கவளம் உண்டவர் அந்தக் கூடாரத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறார். மூன்று நாட்கள் அவர் யார், எங்கிருந்து வருகிறார், எதற்காக வந்தார் என்று துருவிக் கேட்பதில்லை. புறப்பட்டுச் சென்ற பின்னரும் உண்ட உப்பு வயிற்றில் இருக்கும் காலம் வரை அவருக்குத் தீங்கு நேரவிடுவது வீட்டுக்காரருக்கு இழுக்கு. பட்டினி கிடந்தவர்களும் விருந்தாளிக்குப் பால் கொடுத்ததை டௌட்டி எழுதியிருக்கிறார்.

உப்பிட்டவரை மறவாதே என்று நம்மவரும் சொல்வோம். நமது பழமொழி உண்டவரின் கடமையைச் சொல்கிறது. அரபு மரபு உப்பிட்டவரின் கடமையையும் சேர்த்துச் சொல்கிறது. இடக்கையால் உண்ணாதே, பாதத்தை நீட்டாதே, வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிக்காதே என்பன விருந்தாளியின் பக்கம். உன் உயிருக்கும் மானத்துக்கும் நான் பொறுப்பு என்பது வீட்டுக்காரரின் பக்கம். இரண்டும் சேர்ந்ததே உடன்படிக்கை. வெளியிலிருந்து செல்பவர்கள் எழுதும் பட்டியல்களில் முதற்பாதி மாத்திரமே இடம்பெறும். என் பட்டியலும் அப்படித்தான் இருந்தது.

1945: ஒரு கப்பலும் ஒரு ஹோட்டலும்

இந்த உடன்படிக்கை அரச மட்டத்தில் சோதிக்கப்பட்டது 1945 பெப்ரவரியில். யால்டா மாநாடு முடிந்து திரும்பும் வழியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், சவூதி அரேபிய மன்னர் அப்துல் அஸீஸ் இப்னு சவூதைச் சந்திக்க விரும்பினார். ஜித்தாவிலிருந்து மன்னரை அழைத்துவர மேர்பி என்ற நாசகாரிக் கப்பல் அனுப்பப்பட்டது. கப்பலின் மேற்தளத்தில் கம்பளங்கள் விரிக்கப்பட்டன. மன்னர் இரும்பு அறைக்குள் உறங்க மாட்டார் என்பதால் கூடாரம் அடிக்கப்பட்டது. தொழுகை நேரங்களில் மக்கா எந்தத் திசையில் இருக்கிறதென்பதைக் கப்பலின் வழிகாட்டி அதிகாரி கணித்துச் சொல்ல, மன்னரே முன்னின்று தொழுகை நடத்தினார்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. மன்னர் ஆடுகளையும் கொண்டுவந்திருந்தார். கப்பலில் இருக்கும் அமெரிக்க மாலுமிகளுக்கும் தாமே விருந்தளிக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. மொழிபெயர்ப்பாளராகவும் இணைப்பாளராகவும் செயற்பட்ட அமெரிக்கப் பிரதிநிதி வில்லியம் எடி, லெபனானில் பிறந்து அரபு மொழியில் வளர்ந்தவர். உங்கள் விருந்து வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கடற்படை விதிகளின்படி தமக்கு வழங்கப்படும் உணவைத் தவிர வேறெதையும் மாலுமிகள் உண்டால் தண்டிக்கப்படுவார்கள், அவர்களை அந்த இக்கட்டில் வைக்க மன்னர் விரும்பமாட்டார் என்று விளக்கினார். மறுப்பும் மன்னரின் பெருந்தன்மைக்கு விடப்பட்ட வேண்டுகோளாக மாறியது. மன்னர் இணங்கினார். அவருடைய பரிவாரத்தினருக்கு மாத்திரம் கப்பலின் பின்புறத்தில் ஆடுகள் அறுக்கப்பட்டன.

பெப்ரவரி 14 ஆம் திகதி சுயஸ் கால்வாயின் பெரும் கசப்பு ஏரியில், குவின்சி என்ற போர்க்கப்பலில் இருவரும் சந்தித்தனர். ரூஸ்வெல்ட் ஓயாமல் புகைப்பவர். மன்னர் முன்னிலையில் ஒரு சிகரட் கூடப் பற்றவைக்கவில்லை. பகலுணவுக்குச் செல்லும் வழியில், தாம் மாத்திரம் இருந்த மின்தூக்கியை இடையில் நிறுத்திப் புகைத்துவிட்டுச் சென்றதாக எடி பதிவு செய்துள்ளார். மன்னருக்குப் பழைய போர்க் காயங்களால் நடப்பது சிரமம். ரூஸ்வெல்ட் தமது சக்கர நாற்காலிகளில் ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பின்னர் ஒரு விமானமும் கொடுக்கப்பட்டது. ஆனால் மன்னர் வந்தவர்களுக்கெல்லாம் பெருமையோடு காட்டியது அந்த நாற்காலியைத்தான்.

மூன்று நாட்களின் பின்னர், பெப்ரவரி 17 இல், எகிப்தின் ஃபையூம் பாலைவனச் சோலையிலுள்ள ஏரிக்கரை ஹோட்டலில் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் மன்னரைச் சந்தித்தார். மன்னர் தம் முன்னிலையில் புகைத்தலையும் மதுவையும் அனுமதிப்பதில்லை என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. சேர்ச்சில் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளபடி, மன்னரின் மார்க்கம் அவற்றை விலக்குகிறதென்றால் தமது வாழ்க்கை நெறி அவற்றைப் புனிதச் சடங்காக விதிக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லியனுப்பினார். அவ்வாறே புகைத்தார், அருந்தினார். மன்னர் அதனைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார் என்பதும் சேர்ச்சிலின் குறிப்பே. அது மாத்திரமன்று, மன்னரின் பணியாளர் மக்காவின் புனிதக் கிணற்று நீரை ஒரு குவளையில் கொடுத்தார். தாம் அருந்தியவற்றுள் மிகச் சுவையான நீர் அதுவே என்று சேர்ச்சில் எழுதினார்.

அன்பளிப்பு விடயத்திலும் அவருக்குத் தர்மசங்கடம் நேர்ந்தது. அவர் கொண்டுசென்றது ஏறக்குறைய நூறு பவுண் பெறுமதியான வாசனைத் திரவியப் பெட்டி. மன்னரோ இரத்தினங்கள் பதித்த வாள்களையும் குறுவாள்களையும் ஆடைகளையும் அள்ளிக் கொடுத்தார். கூச்சமுற்ற சேர்ச்சில், உலகின் மிகச் சிறந்த மோட்டார் வாகனம் பின்னால் வருகிறது என்று அவ்விடத்திலேயே வாக்களித்தார். அவ்வாறே ரோல்ஸ் ரோய்ஸ் ஒன்று அனுப்பப்பட்டது. அதன் சுக்கான் வலப்புறம் இருந்தது. முன்னிருக்கையில் அமர விரும்பும் மன்னர், சாரதியின் இடப்புறத்தில் அமர வேண்டியிருந்தது. அது மரியாதைக் குறைவு என்பதால் வாகனத்தைத் தம் சகோதரருக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. வலப்புறம் உயர்வு என்ற ஒரு சிறு விடயத்தை அறியாததால் விலைமதிப்பற்ற பரிசு வீணாயிற்று.

ரூஸ்வெல்ட் நல்ல விருந்தாளி, சேர்ச்சில் கெட்ட விருந்தாளி என்று இதனை முடித்துவிடலாம். ஆனால் சரித்திரம் அத்துடன் நிற்கவில்லை. குவின்சி கப்பலில் பாலஸ்தீனம் பற்றிய பேச்சு எழுந்தது. யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு அதனை இழைத்த ஜேர்மனியரே ஈடு செய்ய வேண்டும், அரபிகள் ஏன் செய்ய வேண்டும் என்று மன்னர் கேட்டார். சிகரட் புகைக்காத மரியாதை அவருடைய கருத்தை மாற்றவில்லை. அரபிகளுக்குப் பாதகமான எதனையும் செய்யமாட்டேன் என்று ரூஸ்வெல்ட் வாக்களித்து, 1945 ஏப்ரல் 5 ஆம் திகதிக் கடிதத்திலும் உறுதிப்படுத்தினார். ஒரு வாரத்தில் அவர் காலமானார். அவருக்குப் பின்வந்த ட்ரூமன் 1948 இல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்ட அன்றே அதனை அங்கீகரித்தார். அரபிகளின் நினைவில் நின்றது சேர்ச்சிலின் சுருட்டா, காப்பாற்றப்படாத அந்த வாக்கா என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு கிண்ணக் கோப்பி

1980களின் இறுதியில் எனக்கே ஜித்தா செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. நம்மவர் தொழில் புரியும் இடங்களைப் பார்த்து எழுதச் சென்ற சிறு குழுவில் நானும் ஒருவன். முதல் நாள் மாலை ஒரு முதியவரின் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்திருந்தோம். ஏலக்காய் மணக்கும் இளமஞ்சள் நிறக் கோப்பி, பிடியில்லாத சிறு கிண்ணத்தில் கால்பங்கு மாத்திரம் வார்த்துத் தரப்பட்டது. குடித்தேன். உடனே மீண்டும் வார்க்கப்பட்டது. மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நானே என் பட்டியலில் எழுதியிருந்தேன் அல்லவா? மீண்டும் குடித்தேன். மீண்டும் வார்க்கப்பட்டது. ஏழாவது கிண்ணத்தில் என் முகம் போன போக்கைக் கண்ட முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து வந்து என் அருகில் அமர்ந்து, வெறுங்கிண்ணத்தை விரல்களுக்கிடையில் பிடித்து இருபுறமும் மெல்ல ஆட்டிக் காட்டினார். போதும் என்பதற்கு அதுவே அடையாளம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கோப்பி மாத்திரம் அதற்குக் காரணமல்ல. எதையெல்லாம் மறுக்கக் கூடாது என்று எழுதிய நான், எப்படி மறுப்பது என்று எழுதவில்லை. விருந்தாளி போதும் என்று சொல்வதற்கு அந்தப் பண்பாட்டிலேயே கண்ணியமான ஒரு வழி இருந்தது. கிண்ணத்தை நிரம்ப வார்ப்பது கூட அங்கே விருந்தாளி விரைவில் புறப்படலாம் என்பதற்கான குறிப்பு. அரபுக் கோப்பி மரபை யுனெஸ்கோ 2015 இல் மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, எனக்கு அந்த முதியவரின் விரல்களே நினைவுக்கு வந்தன.

எது பழையது, எது புதியது?

இஸ்லாமிய நாடு என்றால் எங்கும் எக்காலத்தும் ஒரே கட்டுப்பாடு என்று எண்ணுவதும் பிழை. மொரோக்கோவைச் சேர்ந்த இப்னு பதூதா 1343 இல் மாலைதீவை அடைந்து அங்கு காதியாக நியமிக்கப்பட்டார். இஸ்லாத்தைத் தழுவிய அந்நாட்டின் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடையின்றி நடமாடியது அவரைத் திடுக்கிட வைத்தது. அதனை மாற்ற முயன்றார். தமது நீதிமன்றத்துக்கு வருபவர்களை மாத்திரமே உடலை மூடிவரச் செய்ய முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அங்கே விருந்தாளியே வீட்டுக்காரரைத் திருத்த முனைந்தார், தோற்றார்.

அதே இப்னு பதூதா 1344 இல் இலங்கையில் கரையிறங்கியபோது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். வேண்டியதைத் தயங்காமல் கேட்குமாறு மன்னர் சொல்ல, ஆதம் மலையின் பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்றார் பயணி. மாற்று மதத்தவரான அம்மன்னர் அவருக்குப் பல்லக்கையும், வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும், உணவு சுமக்க ஆட்களையும் கொடுத்து அனுப்பினார். திருக்குறளில் விருந்தோம்பல் என்ற அதிகாரம் முழுவதும் வீட்டுக்காரரை நோக்கியே பேசுகிறது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

சவூதி அரேபியாவுக்குத் திரும்புவோம். அங்குள்ள கடுமையான ஒழுங்குகளுக்கு 1744 இல் திர்இய்யாவில் முஹம்மத் இப்னு சவூதும் முஹம்மத் இப்னு அப்துல் வஹாபும் செய்துகொண்ட உடன்பாடு வரை வேர் உண்டு. ஆனால் நான் பட்டியல் எழுதிய காலத்தின் இறுக்கத்துக்கு அண்மைய காரணம் ஒன்றும் இருந்தது. 1979 நவம்பர் 20 இல் ஆயுதக் குழுவொன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றியது. இரண்டு வாரப் போரின் பின்னரே அது மீட்கப்பட்டது. அரச குடும்பம் கிளர்ச்சியாளரைத் தண்டித்தது. அதே வேளையில் மார்க்க அறிஞர்களைத் திருப்திப்படுத்தப் பொது வாழ்வின் கட்டுப்பாடுகளை இறுக்கியது. நான் நிலையான மரபு என்று எழுதியவற்றுள் சில, அப்போது பத்து வயது கூட நிரம்பாதவை.

அவை தளர்ந்ததும் நம் கண்முன்னேதான். 2016 ஏப்ரலில் மார்க்கக் காவலரின் கைது செய்யும் அதிகாரம் நீக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் ரியாத்தில் திரையரங்கு திறக்கப்பட்டது. 2018 ஜூன் 24 இல் பெண்கள் வாகனம் ஓட்டத் தொடங்கினர். 2019 செப்டெம்பரில் 49 நாட்டவருக்குச் சுற்றுலா விசா அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணிவது கட்டாயமில்லை, அடக்கமான ஆடை போதும் என்று சொல்லப்பட்டது. கூடவே பொது இடத்து ஒழுக்கத்துக்கு மாறான 19 குற்றங்களும் அவற்றுக்கான அபராதங்களும் பட்டியலிடப்பட்டன. உணவகங்களில் ஆண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனித்தனி வாயில் வேண்டும் என்ற விதி 2019 டிசம்பரில் நீங்கியது. இவ்வாறாக என் இருபதில் பாதி காலாவதியாயிற்று.

பட்டியலில் இல்லாத விடயம்

இப்போது அந்த வாசகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டியல் வெளியாகிச் சில மாதங்களின் பின்னர், கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுத் திரும்பியவர். முஸ்லிம். என்னை ஐயா என்று அழைத்து மிகப் பணிவாகவே பேசினார். நான் எழுதியவற்றில் தவறு எதுவும் இல்லை என்றார். ஆடை, உணவு, தொழுகை, நோன்பு எதிலும் தனக்குக் குறை சொல்ல இடமிருக்கவில்லை, அவை தனக்குப் பிறப்பிலிருந்தே பழக்கமானவை என்றார். தான் அவர்களிடம் எப்படி நடக்க வேண்டும் என்று முகவரும் சொன்னார், பத்திரிகையும் சொன்னது, அவர்கள் தன்னிடம் எப்படி நடக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லையே என்று கேட்டார். கடவுச்சீட்டு வீட்டுக்காரரின் அலுமாரியில் இருந்தது. எட்டு மாதச் சம்பளம் வரவில்லை. மொழி தெரியாது. எவரிடம் போய்ச் சொல்வது?

என்னிடம் விடை இருக்கவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். அவருடைய கதையைச் செய்தியாக எழுதினேன். இடப்பற்றாக்குறையால் அது பிரசுரமாகவில்லை. எழுதிய தாளை நானும் மறந்துபோனேன். இன்றும் என் மனதை உறுத்துவது இதுவே.

விருந்தாளிக்குக் கிடைத்த ரொட்டியும் உப்பும் வேலைக்காகச் சென்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதல்ல நான் சொல்வது. நல்ல வீடுகளில் மகளைப் போல நடத்தப்பட்டவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். ஆனால் அது வீட்டுக்காரரின் குணத்தைப் பொறுத்ததாக இருந்ததேயன்றி, மரபின் கடமையாகவோ சட்டத்தின் கடமையாகவோ இருக்கவில்லை. கஃபாலா எனப்படும் பொறுப்பாளர் முறையின் மூலச் சொல்லுக்குப் பொறுப்பேற்றல், பிணைநிற்றல் என்றே பொருள். கூடாரத்துக்குள் வந்தவருக்குப் பொறுப்பு நிற்கும் பழைய எண்ணத்தின் நிழல் அந்தச் சொல்லில் இருக்கிறது. நடைமுறையில் அது தொழிலாளி வேலை மாறவும் நாட்டை விட்டு வெளியேறவும் முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விலங்காக மாறியது. 2021 மார்ச்சில் சவூதி அரேபியா இம்முறையைத் தளர்த்தியபோதும், வீட்டுப் பணிப்பெண்கள் அந்தச் சீர்திருத்தத்திற்குள் அடக்கப்படவில்லை.

2013 ஜனவரி 9 ஆம் திகதி மூதூரைச் சேர்ந்த நம் பெண்ணொருத்திக்கு அங்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவள் பெயரை நான் எழுத வேண்டியதில்லை. தமிழ் பேசும் அனைவரும் அறிவர். 2005 இல் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பப்பட்டபோது அவளுக்கு வயது பதினேழு. தன் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டாள். பாலூட்டும்போது மூச்சுத் திணறியதே காரணம் என்றாள் அவள். பொலிஸாரிடம் அவள் சொன்னதை மொழிபெயர்த்தவர் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பதை மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்ப எடுத்துக் கூறின. பிள்ளையை இழந்த அந்தத் தாயின் துயரமும் மறக்கத்தக்கதன்று. ஆயினும் 1945 இல் மன்னருக்கும் ஜனாதிபதிக்கும் நடுவே இரு மொழியும் இரு மரபும் அறிந்த ஓர் எடி அமர்ந்திருந்தார். மூதூர்ப் பெண்ணுக்கு அப்படி ஒருவர் இருக்கவில்லை. அவளை அனுப்பிவைத்த நாமும் அப்படி ஒருவரை அவளுக்குக் கொடுக்கவில்லை.

கனடா அன்பருக்கு

பழைய பட்டியலை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக அன்பருக்கு எழுதியவற்றை இங்கும் தருகிறேன்.

வலக்கையால் வாங்குங்கள், வலக்கையால் உண்ணுங்கள். பெண்கள் தாமாகக் கை நீட்டினாலன்றிக் கை கொடுக்க முனைய வேண்டாம். அவ்வாறே உங்கள் மனைவியும் ஆண்கள் கை நீட்டும் வரை காத்திருக்கட்டும். நெஞ்சில் கைவைத்துத் தலை சாய்த்தால் அதுவே நிறைந்த மரியாதை. காலணியின் அடிப்பாகத்தை எவரையும் நோக்கிக் காட்டி அமராதீர்கள். அனுமதியின்றி எவரையும், குறிப்பாகப் பெண்களை, படம் பிடிக்காதீர்கள். ரமழான் மாதமாயின் பகலில் பொது இடத்தில் உண்பதையும் அருந்துவதையும் தவிருங்கள். மது கொண்டுசெல்ல எண்ணவே வேண்டாம். 2024 இல் ரியாத்தில் முஸ்லிம் அல்லாத இராஜதந்திரிகளுக்கென மதுக்கடை ஒன்று திறக்கப்பட்ட செய்தி உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் முஸ்லிம் அல்லாதவர் என்பதால் மக்கா நகருக்குள் செல்ல முயலாதீர்கள். ஒரு பொருளை அளவுக்கு மீறிப் புகழாதீர்கள், வீட்டுக்காரர் அதனை உங்களுக்கே தந்துவிடக் கூடும். கோப்பி போதுமென்றால் கிண்ணத்தை மெல்ல ஆட்டுங்கள்.

இவற்றின் கீழே இன்னும் ஒன்றையும் சேர்த்தேன். நீங்கள் செல்லும் வீட்டில் கோப்பி கொண்டுவருபவர் நம் நாட்டவராக இருக்கக் கூடும். தமிழ் பேசுபவராகவும் இருக்கக் கூடும். முதலில் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள், அது அந்த வீட்டின் மரியாதை. அதன் பின்னர் அவரிடம் எந்த ஊர் என்று விசாரியுங்கள். அவர் ஏதேனும் சொல்ல விரும்பினால் செவிகொடுத்துக் கேளுங்கள், கேட்டதை மறந்துவிடாதீர்கள்.